கட்டைவிரல் ராசா

ரெத்தினத்துக்கு அளவு தெரியும் என்பதைத் திருவாரூர் வட்டாரத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒப்புக்கொள்வார்கள். பேனர் துணியை விரித்துப் போட்டதுமே தலைவருக்கு எத்தனை அடி, மாவட்டத்துக்கு எத்தனை சாண், ஒன்றியத்துக்கு எத்தனை விரற்கடை என்று மனசுக்குள் ஓடிவிடும். பேனர் வைக்கிறவர் எப்போதும் அடியில், ஓரமாக, கைகூப்பிக்கொண்டு நிற்பார். அவருடைய முகம் தலைவரின் காது அளவுக்கு இருந்தால் போதும். அதைவிடப் பெரிதாக வரைந்தால் வைத்தவரே அழிக்கச் சொல்வார். அவருக்கும் கீழே, வலது மூலையில், ஒரு நட்சத்திரம் போட்டு ‘ரெத்தினம் ஆர்ட்ஸ்’ என்று சாய்வெழுத்தில் இருக்கும். அந்த நட்சத்திரத்தை மட்டும் யார் சொன்னாலும் அவர் சிறிதாக்கியதில்லை.

ஓடம்போக்கி ஆற்றுக்குத் தெற்கே ஆலங்கரையில் பண்ணை வேலைக்காரர்கள் தெருவில் பிறந்தவர். அப்பா மிராசுதார் வீட்டுக் களத்தில் பதர் தூற்றியே நெஞ்சு அடைத்துப் போனவர். மகன் பதினான்கு வயதில் நாகப்பட்டினத்துக்கு ஓடி, சினிமாத் தட்டி எழுதுகிறவரிடம் சாயம் கலக்கி, எழுத்து படித்து, மீசை முளைத்துத் திரும்பி வந்தார். அப்புறம் அம்சத்தைக் கட்டினார். அம்சம் நடவுக்கும் அறுப்புக்கும் போக, இவர் தேர்தலுக்கும் மாநாட்டுக்கும் போனார். அறுவடை நெருக்கத்தில் இவரும் கட்டுத் தூக்கியதுண்டு. ஆனால் ‘ரெத்தினத்தைக் கூப்பிடு’ என்று ஒருவர் சொன்னால், அது பிரஷ்ஷுக்காகத்தான்.

அவர்கள் குடியிருந்த கூரைவீடு மிராசுதார் சவரிராயரின் மனையில் நின்றது. தெருவே அவருடைய மனையில்தான் நின்றது. எழுபத்தொன்றில் குடியிருப்புச் சட்டம் வந்தது. மிராசுதார் இடத்தில் வீடு கட்டிக் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த இடம் சொந்தமாகிவிடும், பட்டா கிடைக்கும் என்றார்கள். தெருவில் எல்லோரும் மனு எழுதிக் கொடுத்தார்கள். எல்லோருடைய மனுவையும் எழுதியவர் ரெத்தினம்.

“நம்ம மனுவ எம்பேர்ல எழுதுங்க,” என்றார் அம்சம். “வயல்ல நிக்கிறவ நாந்தான்.”

“ஆம்பள ஒருத்தன் இருக்கையில பொம்பள பேர்ல எழுதினா தெரு சிரிக்கும்.”

“சிரிச்சா சிரிக்கட்டும். நீங்க வயக்காட்டுல என்னா பண்றீங்கன்னு கேட்டா, சேத்துல நட்சத்திரம் போட்டேன்னு சொல்வீங்களா?”

ரெத்தினம் தன் பெயரிலேயே எழுதினார். ‘தொழில்’ என்ற இடத்தில் ‘விவசாயக் கூலி’ என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. பிறகு எழுதிவிட்டது.

அதே ஆண்டு மாதா கோயிலை ஒட்டிப் புதிதாக ஒரு கூடம் எழும்பியது. சவரிராயர் கட்டிக் கொடுத்தது. அதன் மேற்குச் சுவர் பன்னிரண்டடிக்கு ஒன்பதடி வெறுமையாக நின்றது. குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று ராசாக்கள் வருகிற படத்தை அதில் வரைந்து, ஜனவரி ஆறாம் தேதி ராசாக்கள் திருநாளன்று திறக்கவேண்டும் என்று சவரிராயர் சொன்னார். திருச்சியிலிருந்து ஆள் வரவழைக்கலாம் என்றார் பங்குச் சாமியார் அருளப்பர்.

“எதுக்கு? நம்ம மனையிலயே ஒருத்தன் கெடக்குறானே,” என்று சவரிராயர் ரெத்தினத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். “படத்த நல்லா முடிச்சுக் குடு. மனை விசாரணைக்கு வர்றப்ப நான் வாயத் தொறக்க மாட்டேன். தொறந்தா என்னான்னு தெரியுமில்ல?”

“தெரியும்ங்க.”

“என்னா தெரியும்? சொல்லு.”

“நான் வெவசாயத் தொழிலாளி இல்ல, பெயிண்டர்னு சொல்வீங்க.”

“ஒரு வார்த்தை போதும்ல?”

“போதும்ங்க.”

ரெத்தினம் இந்து. ராசாக்கள் கதை அவருக்குத் தெரியாது. படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்கு அருளப்பர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைத் தூக்கி வந்தார். முன்பிருந்த வெள்ளைக்காரச் சாமியார் விட்டுப் போனது. மூட்டைபோல் கனத்தது. கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது. அது என்ன பாஷை என்று அருளப்பருக்கே நிச்சயமில்லை. படத்துக்குக் கீழே போட்டிருந்த வருஷம் ஒன்றைத்தான் இருவராலும் படிக்க முடிந்தது.

1310 என்றிருந்த படத்தில் பின்னணி முழுக்கப் பொன். நடுவில் சிங்காசனத்தில் மாதா, மலைபோல. இரு பக்கமும் தேவதூதர்கள் ஒருவர் தலைக்குமேல் ஒருவராக, அவர் இடுப்பு உயரம்கூட வராமல். 1317 என்ற படத்தில் ஒரு துறவி சிங்காசனத்தில் இருந்தார். அவர் காலடியில் ஒருவன் மண்டியிட்டுக் கிரீடம் வாங்கிக்கொண்டிருந்தான், சிறுபிள்ளை அளவில்.

“அது ராசா,” என்றார் அருளப்பர். “கிரீடம் வைக்கிறாங்க பாருங்க.”

“ராசாவா? இத்தனூண்டா?” ரெத்தினம் சிரித்துவிட்டார். “சாமி, இது பேனரு. பெரியவங்க பெருசா, அடுத்தவங்க அடுத்ததா, வச்சவரு அடியில கும்பிட்டுக்கிட்டு. அறுநூறு வருசத்துக்கு முன்னாடியே நம்ம தொழிலப் பண்ணியிருக்கானுவ.”

“பேருகூட இல்ல பாருங்க, சில படத்துல. வரைஞ்சது யாருன்னே தெரியல.”

“மூலையில எழுதி வைக்கலியா?”

“எழுதல போல.”

அது ரெத்தினத்துக்குப் புரியவில்லை. இவ்வளவு பொன்னை ஒட்டிவிட்டு மூலையில் ஓரெழுத்து எழுதாமல் போனவனைப் பற்றி அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகச் சம்மதம் கிடைத்தது. நாள்தோறும் புரட்டினார். 1423 என்ற படத்தில் ராசாக்கள் வந்தார்கள். குதிரை, குரங்கு, சிறுத்தை, வேட்டைநாய் என்று திருவிழாக் கூட்டம். தூரத்து மலையில் வந்துகொண்டிருக்கிற ராசாக்களே முன்னால் வந்தும் நின்றார்கள். இளைய ராசாவின் காலுக்குப் பின்னால் ஒருவன் குனிந்து, குதிரையைக் குத்தி ஓட்டக் குதிகாலில் கட்டிய முள்ளைக் கழற்றிக்கொண்டிருந்தான். பொன் முழுவதையும் தாண்டி ரெத்தினத்தின் கண் அவனிடமே போய் நின்றது. அம்சத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“எல்லா ஊர்லயும் காலடியில ஒரு ஆளு வேணும்போல,” என்று சொல்லிவிட்டு அம்சம் அடுப்புக்குப் போனார்.

நாலே வருஷம் தள்ளி, 1427 என்ற படத்தில் எல்லாம் மாறிப்போயிருந்தது. பொன்னைக் காணோம். சுவரைக் குடைந்ததுபோல் ஒரு மண்டபம், உள்ளே சிலுவை, அதன் அடியில் மாதா. மண்டபத்துக்கு வெளியே, இந்தப் பக்கம் ஒரு கிழவர், அந்தப் பக்கம் ஒரு கிழவி, மண்டியிட்டபடி. வைத்தவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் மாதாவுக்குக் கொஞ்சமும் குறையாத அளவில் இருந்தார்கள். ரெத்தினம் அளவுகோலை எடுத்து மண்டபத்தின் கோடுகளின்மேல் வைத்து நீட்டினார். எல்லாக் கோடும் ஓடிப்போய் ஒரே புள்ளியில் முட்டின. அன்று மாலை வாய்க்கால் மதகின்மேல் ஏறி நின்று பார்த்தார். இரண்டு கரையும் ஓடி ஓடி சவரிராயர் வீட்டு வாசலில் ஒன்றாய்ச் சேர்ந்தன. பிறந்ததிலிருந்து பார்த்த வாய்க்கால்தான்.

மறுநாள் அருளப்பரிடம் சொன்னார்: “இதுல ஆளுக்குத் தக்கன அளவு இல்ல சாமி. நிக்கிற எடத்துக்குத் தக்கன அளவு.”

அதற்கு முன்பே கரியால் ஒரு மாதிரி போட்டு வைத்திருந்தார். பழைய கணக்குப்படி மாதா பெரிதாக, ராசாக்கள் அடுத்ததாக, அடியில் ஓரமாகக் கைகூப்பிய ஒரு சின்ன உருவம். சவரிராயர் வந்து பார்த்தார்.

“கீழ என்னடா அது, எலி மாதிரி?”

“நீங்கதாங்க. கூடம் கட்டிக் குடுத்தவங்கள அடியில போடறதுதான் மொற. பொஸ்தகத்துல ராசாவயே அப்பிடித்தான் போட்டிருக்கானுவ.”

“மண்டி போட்டு? நானு?” அவர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் கூரையைப் பார்த்தார். “மூணாவது ராசா நாந்தான். மொகம் என் மொகம். சும்மா வந்து நிக்கிற ராசா இல்ல. என் வீட்டு மாடி, களம், வாய்க்கா, மதகு எல்லாம் தெரியணும். அங்கேர்ந்து குதிரயும் பரிவாரமுமா நான் கெளம்பி வர்றது தெரியணும். வெளங்குச்சா?”

“வெளங்குச்சுங்க.”

சொன்னதை அப்படியே செய்ய ரெத்தினம் முடிவு செய்தார். சவரிராயர் வீட்டு வாசல் எங்கே வருமோ அந்த இடத்தில் சுவரில் ஒரு ஆணி அடித்தார். ஆணியில் நூலைக் கட்டி, காவி தடவி, நாலா பக்கமும் இழுத்துச் சுண்டினார். வாய்க்கால் கரை, வரப்பு, மாட்டுக் கொட்டகையின் உத்தரம், வைக்கோல் போரின் அடி என்று எல்லாக் கோடும் அந்த ஆணிக்குப் போயின. ஆணியை ஒட்டி மிராசுதார் குதிரையில் புறப்படுவார். சுவரில் உள்ள ஒவ்வொரு கோடும் அவரைத்தான் கை காட்டும். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன மரியாதை செய்யமுடியும் என்று ரெத்தினத்துக்குத் தோன்றியது. ஆள் கட்டைவிரல் அளவுதான் வருவார். அது இடத்தின் கணக்கு, அவர் கையில் இல்லை. 1423 படத்தில் செய்ததுபோல் அதே ராசாவை இன்னொரு தடவை முன்னாலும் நிறுத்தியிருக்கலாம்தான். ஒரே நேரத்தில் ஒரு ஆள் இரண்டு இடத்தில் எப்படி நிற்பான் என்று நினைத்து விட்டுவிட்டார்.

“கொட்டகைக்கு மொதல்ல யார் சாமி வந்தது?” என்று கேட்டார்.

“ஆட்டுக்காரங்க. ராசாக்கள் பின்னாடிதான் வந்தாங்க.”

“அப்ப ஆட்டுக்காரங்கதான் கிட்டக்க.”

அந்தச் சமயத்தில் குறுவை அறுப்பு நின்றிருந்தது. அரைப்படி நெல் கூட்டிக் கேட்டுச் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்து, இருபது நாளாகத் தெருவே சும்மா உட்கார்ந்திருந்தது. வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப் பார்த்து, போலீஸ் வந்து, கேஸாகி, சவரிராயர் தஞ்சாவூர் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தார். கூடத்துப் பக்கம் வரவில்லை. ரெத்தினம் எதிர்வீட்டுக் காத்தானைக் கூட்டிவந்து சுவரில் வரைந்திருந்த கொட்டகைக்கு முன்னால் மண்டியிட வைத்தார். காத்தானுக்கு ஐம்பது வயது, முன்பல் இரண்டு கிடையாது.

“ஆட்டுக்காரன்னா கிடை போட வர்ற கீதாரியில்ல? நான் ஆட்டப் பாத்தே ஆறு மாசமாச்சு,” என்றார் காத்தான்.

“வாய மூடாதீங்க மாமா. தொறந்தபடியே இருங்க. புள்ளயப் பாத்து அசந்து போனமாரி.”

“இருவது நாளா வாயத் தொறந்துக்கிட்டுத்தான் இருக்கேன். எவன் போடறான்?”

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அப்படி ஒரு படம் இருந்தது. காய்த்துப்போன கைகளோடு மூன்று ஆட்டுக்காரர்கள், ஒருவனுக்கு வாய் பிளந்து பல்வரிசை தெரிந்தது. பணம் போட்டு அதை வரையச் சொன்ன குடும்பம் இரண்டு ஓரங்களிலும் அடக்கமாக இருந்தது. ரெத்தினம் காத்தானை ஐந்தடியில் வரைந்தார். கைநரம்புக்கே ஒரு பகல் ஆனது. காத்தானின் வாய்க்குள் இருந்த இருட்டுக்குக் கறுப்பு போடாமல், நீலமும் காவியும் கலந்து போட்டார். அதற்குமுன் எந்தத் தலைவருக்கும் அவர் அவ்வளவு பாடுபட்டதில்லை.

அந்த இருபது நாளில் அவர் இன்னொன்றும் செய்தார். சங்கத்துக்காரர்கள் கேட்டதற்காகப் பாலத்துச் சுவரில் ‘அரைப்படி உயர்த்து’ என்று எழுதிக் கொடுத்தார். பெயர் போடவில்லை. ஆனால் நட்சத்திரம் போட்டுவிட்டார். கை பழக்கம்.

சவரிராயர் தஞ்சாவூரிலிருந்து காரில் திரும்பும்போது பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி அந்த நட்சத்திரத்தைப் பார்த்தார். பிறகு வண்டியை எடுக்கச் சொன்னார்.

மார்கழியில் படம் முடிந்தது. திருநாளன்று கொடையாளி கையால்தான் திறக்கவேண்டும் என்பதால் சுவர் முழுக்கப் பேனர் துணியைத் தொங்கவிட்டுக் கட்டினார்கள். திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மனை விசாரணைக்குத் தாசில்தார் வந்தார். ஊர்ச் சாவடி மிராசுதார் கட்டுப்பாட்டில் இருந்தது, அங்கே வரமாட்டோம் என்றது தெரு. அதனால் கூடத்தில் மேசை போட்டார்கள், தொங்கும் துணிக்கு முன்னால். சுற்றிலும் தெரு நின்றது. நாற்காலியில் சவரிராயர் உட்கார்ந்திருந்தார். காத்தானுடையது உட்படப் பதினோரு மனுவுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டாவதாக ரெத்தினம் பெயர் வந்தது.

“தொழில் விவசாயக் கூலி. ஆட்சேபம் உண்டா?” என்றார் தாசில்தார்.

“உண்டு. இவன் கூலியாள் இல்ல. பெயிண்டர். இந்தச் சட்டம் இவனுக்குச் செல்லாது.”

அம்சம் ரெத்தினத்தைப் பார்த்தார். என் பேரில் எழுதச் சொன்னேனே என்பது அந்தப் பார்வையில் முழுசாக இருந்தது.

“சாட்சி?” என்றார் தாசில்தார்.

“சாட்சி என்னாத்துக்கு? முன்னாலயே தொங்குது.” சவரிராயர் எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தார். துணி மொத்தமும் சரிந்து விழுந்தது.

தாசில்தார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுந்தார். வாயைப் பிளந்து மண்டியிட்டிருந்த கிழவரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் வாயைப் பிளந்து நின்ற காத்தானைப் பார்த்தார்.

“நீதானய்யா அது?”

“ஆமாங்க. மூஞ்சி நம்மளது. ஆடு நம்மளது இல்லைங்க.”

கூடம் சிரித்தது. தாசில்தாரும் சிரித்தபடி மிராசுதார் பக்கம் திரும்பினார். “பிரமாதம். நீங்க ராசாவா இருக்கீங்கன்னு சாமியார் சொன்னாரே. எங்கங்க இருக்கீங்க?”

சவரிராயர் சுவரைத் தேடினார். மாதாவைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். பாதி வழியில் வந்துகொண்டிருந்த இரண்டு ராசாக்களைப் பார்த்தார், இரண்டும் அவர் முகமில்லை. வாய்க்காலோடு கண் மேலே ஏறிக்கொண்டே போனது.

“அந்த ஆணித் தொளைக்குப் பக்கத்துல பாருங்கய்யா,” என்றார் காத்தான், உதவி செய்கிற குரலில். “குதிர மேல, வெரலத்தனூண்டு.”

இந்தத் தடவை சிரிப்பு கூரைக்குப் போனது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சவரிராயரின் கழுத்து சிவந்தது. “இவனா பெயிண்டர்? ஆளு எவ்வளவு, அளவு எவ்வளவுன்னு தெரியாத பய! களத்துல பதரு தூத்துறவன் மவன் கையில பிரஷ்ஷக் குடுத்தா இப்பிடித்தான் சொவத்த நாறடிப்பான். இவன் பெயிண்டரே இல்ல சார்!”

“பெயிண்டர் இல்லையா?”

“இல்லவே இல்ல. வயக்காட்டுக் கூலிப் பய. எழுதிக்குங்க!”

“எழுதிக்கட்டுமா?”

“எழுதிக்குங்கங்கறேன்!”

தாசில்தார் குமாஸ்தாவிடம் நிதானமாகச் சொன்னார்: “மனுதாரர் ஓவியர் அல்ல, விவசாயக் கூலியே என்று எதிர்மனுதாரர் ஒப்புக்கொள்கிறார்.”

பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. சவரிராயருக்கு விளங்க அவ்வளவு நேரம் ஆனது. சொன்னதை மாற்ற வேண்டுமானால், இதை வரைந்தவன் பெயிண்டர்தான், அவன் போட்ட அளவு இதுதான் என்று தெருவுக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். இன்னொரு தடவை சுவரைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ரெத்தினத்துக்கு நாக்கு துடித்தது. ஆணியைப் பற்றிச் சொல்லவேண்டும் போலிருந்தது. எல்லாக் கோடும் எங்கே போகிறது என்று பாருங்கள், அளவு தெரியாமல் போட்டதில்லை என்று சொல்லவேண்டும். “சார், அது வந்து, நூல் புடிச்சு…” என்று ஆரம்பித்தார். அம்சம் அவர் காலை மிதித்தார், நன்றாகவே மிதித்தார்.

“என்ன?” என்றார் தாசில்தார்.

“ஒண்ணுமில்லைங்க.”

“கையெழுத்துப் போடுவியா?” என்று கேட்டார் குமாஸ்தா, தாளைத் திருப்பி வைத்து.

அந்த ஊரில் கடைப் பலகை, கல்யாணத் தட்டி, கல்லறைப் பெயர் எல்லாமே அவர் எழுத்துதான். மேசைமேல் கிடந்த பன்னிரண்டு மனுவும் அவர் எழுத்துதான். அவர் ஒரு வரி எழுதினால் போதும், கண்ணுள்ளவன் கண்டுபிடித்துவிடுவான்.

ரெத்தினம் இடது கையை நீட்டினார். குமாஸ்தா கட்டைவிரலைப் பிடித்து மைத்தட்டில் உருட்டித் தாளில் அழுத்தினார். நகக்கண்ணில் இன்னும் நீலம் இருந்தது.

பட்டா பங்குனியில் வந்தது. அம்சம் அதைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தார்.

படத்தை அழிக்கச் சொல்லிச் சவரிராயர் ஆளனுப்பினார். பெருநாள் ஆகட்டும், மழை ஆகட்டும் என்று அருளப்பர் தள்ளிக்கொண்டே இருந்து, மாற்றலாகிப் போனார். அப்புறம் வந்தவர் வெள்ளையடித்தார். ஏணி இல்லாமல் கைக்கு எட்டிய உயரம் வரை அடித்தார்கள். காத்தானும் மாதாவும் மாடும் சுண்ணாம்புக்குள் போனார்கள். மேலே சவரிராயரின் வீடும் வாசலும் குதிரையும் நெடுநாள் அப்படியே இருந்தன, வெள்ளைச் சுவரின் உச்சியில் தனியாக.

ரெத்தினம் தொழிலை விடவில்லை. பட்டா வந்த வருஷமே கட்சி இரண்டானபோது இரண்டு பக்கத்துக்கும் எழுதினார். முப்பது வருஷம் எழுதினார். ரேஷன் அட்டையில் தொழில் ‘கூலி’ என்றே இருந்தது. மூலையில் நட்சத்திரமும் பெயரும் போடுவதை மட்டும் கைநாட்டு வைத்த அன்றோடு நிறுத்திவிட்டார். பெயர் கண்ணில் பட்டால் பட்டாவைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் முதலில். அந்தப் பயம் தேவையில்லை என்று வக்கீல் ஒருவர் பிற்பாடு சொன்னார். அதற்குப் பிறகும் போடவில்லை.

ஆனால் எல்லாத் தட்டியிலும் வலது மூலையில் ஒரு சாண் இடத்தைக் காலியாக விட்டுவிடுவார். வட்டச் செயலாளர்கள் சும்மாதானே கிடக்கிறது, நம் பெயரைப் போடுங்கள் என்பார்கள். அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பிரஷ்ஷைக் கழுவப் போய்விடுவார்.